கார் வேணாமப்பா

"கார் வேணாமப்பா. பஸ்ஸில வாங்க."

கொழும்பிலிருந்து மகள் டயனா போனில் இப்படிச் சொன்னதும் நிக்கொலஸுக்கு முகம் செத்துப்போனது.

டயனா நேர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள். திங்கட்கிழமை பெரிய மண்டபமொன்றில் சான்றிதழ் கொடுக்கிறார்கள். கற்பிட்டியில் கடலுக்குப் போகிற மனிதர், அந்த ஒரு நாளாவது மண்டப வாசலில் காரில் போய் இறங்க வேண்டுமென்று ஆசைப்பட்டார். வாடகைக்குக் காரும் பேசியாயிற்று.

"கொழும்பில கார் நிப்பாட்ட இடம் தேடியே பாதி நாள் போயிரும். இப்பதான் செக்பொயின்ற் ஒண்டும் இல்லையே, பஸ் கெதியா வந்திரும். காலம முதல் பஸ். அதிலதான் வரணும், சரியா?"

"சரி மகள். அப்ப நானும் மாமியும்..."

"மாமிய அடுத்த முறை கூட்டிட்டு வாங்கப்பா. உள்ள போக ரெண்டு பாஸ்தான் தந்திருக்காங்க. மற்றதை ஒராளுக்குக் குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"வந்து பாருங்களன்."

டயனாவின் அம்மா குவைத்தில் வேலை. அந்த இடத்துக்குத் தான்தான் என்று நிக்கொலஸின் அக்கா ஜூலியானா புதுச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தாள். விடுவாளா?

"இன்னும் விளங்கேல்லயாடா? பொடியன் ஒருத்தன் இருக்கான். பாஸ் அவனுக்கு. நீ காரில போய் வாசல்ல இறங்கினா நாலு பேர் ஆரெண்டு கேப்பாங்கள். பஸ்ஸில போனா சனத்தோட சனமா ஒரு மூலையில நிப்பாய். படிச்சிட்டாள்தானே. கடலுக்குப் போறவன்ட மகள் எண்டு சொல்ல வெக்கம்."

"சும்மா இரக்கா."

சும்மா இரு என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்தக் கதை தொண்டையில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது. கார்க்காரனுக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

திங்கள் காலை, பஸ் மதுரங்குளியில் நின்றது. ஏறியவர் ஜவ்பர் நாநா. பக்கத்துக் கனமூலை ஆள், இதே பஸ்ஸின் கொண்டக்டர். இன்றைக்கு டிக்கட் போடுவது வேறு ஒருவர். நாநா வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாக, அத்தர் மணக்க, நிக்கொலஸின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன நாநா, லீவா?"

"ஓம் அண்ணன். கொழும்புல ஒரு நல்ல காரியம்."

நிக்கொலஸுக்கு அவரைக் கண்டதே பெரிய ஆறுதல். டயனா ஹொஸ்டலில் இருந்த காலமெல்லாம், கிழமைக்கொருக்கா தானே மீன் பொரித்து, சம்பல் இடித்து, சோற்றோடு பார்சல் கட்டி, கற்பிட்டி பஸ் நிலையத்தில் நாநாவின் கையில் கொடுப்பார். நாநா அதைக் கொழும்பில் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் மகளிடம் சேர்ப்பார். ஒரு தேத்தண்ணிக்குக்கூடக் காசு வாங்கியதில்லை.

"நீங்க இல்லாட்டி என்ட பிள்ள காஞ்சு போயிருப்பாள் நாநா. கச்சான் காத்து எழும்பி, படகெல்லாம் கரையில கிடந்த மாசங்கள்லதான் ஒண்டும் அனுப்ப முடியேல்ல. மீன் இல்லாம என்னத்தைக் கட்டுறது? அதை நினைச்சா இப்பவும் மனசு கிடந்து அடிக்குது."

நாநா யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதெல்லாம் விடுங்க அண்ணன்."

நிக்கொலஸ் விடவில்லை. சிலாபம் தாண்டுவதற்குள் கார்க் கதை, பாஸ் கதை, அக்கா சொன்ன கதை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"பெத்த அப்பன் பஸ்ஸில இடிபட்டு வரணும். அவர் ஒய்யாரமா முன் கதிரையில இருப்பாராம். கையில கிடைக்கட்டும் அந்தக் கள்ளன், ரெண்டு கேள்வி கேட்டுத்தான் விடுவன்."

நாநா சேட்டுப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.

புறக்கோட்டையில் டயனா வெள்ளை உடுப்போடு காத்துக்கொண்டிருந்தாள். தனியாகத்தான். நிக்கொலஸ் அவளுக்கு முன்னும் பின்னும் பார்த்தார்.

"எங்க மகள், பாஸ் குடுத்த ஆள்?"

டயனா பதில் சொல்வதற்குள் ஜவ்பர் நாநா பையிலிருந்து பாஸை எடுத்து நீட்டினார்.

"நான்தான் அண்ணன் அந்தக் கள்ளன். புள்ள கேட்ட நேரம் ஏலா எண்டுதான் சொன்னேன். அப்புடி எடத்துக்குத் தனியப் போய்ப் பழக்கமில்ல. எங்கட வாப்பாவோட சேந்து வாங்க எண்டு புடிவாதம். இந்தாங்க, இது ஒங்கட குடும்பத்துக்கு உள்ளது. நான் வெளிய நிக்கிறேன்."

பஸ்ஸில் பேசியதெல்லாம் திரும்பிவந்து காதில் அறைந்தது.

"நல்ல வேலைதான் மகள் செஞ்சிருக்கிறாய்," என்றார் மெதுவாக. "நான் தந்த பார்சலக் கொண்டு வந்ததுக்குத்தானே?"

"நீங்க தந்ததுக்கு இல்லப்பா. நீங்க தராததுக்கு." டயனா நாநாவைக் காட்டினாள். "கச்சான் மாசத்திலயும் எனக்கு ஒரு கிழமையும் பார்சல் நிக்கேல்ல. அப்பா தந்தவர் எண்டு சொல்லித்தான் தருவார். ஒருநாள் பிரிச்சா உள்ள வட்டிலப்பம், முஸ்லிம் வீடுகள்ல பெருநாளுக்குச் செய்யிற இனிப்பு. உங்களுக்கு வட்டிலப்பம் செய்யத் தெரியுமாப்பா? எல்லாம் நாநாட வீட்டுச் சாப்பாடு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு நோகும் எண்டு என்ட வாயையும் கட்டிப்போட்டார்."

நிக்கொலஸ் அந்தப் பாஸை வாங்கி, நாநாவின் பையிலேயே திரும்ப வைத்தார். அவரது கையைப் பிடித்தவர் விடவில்லை.

போன் அடித்தது. ஜூலியானா.

"என்னடா, ஆளைக் கண்டியா?"

"கண்டனக்கா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காலம் கார் பிடிக்கேல்ல. பிடிச்சிருந்தா, மதுரங்குளி றோட்டில நிண்ட அவரை விட்டுட்டு வந்திருப்பன்."