பக்கத்து நாற்காலி எண்

பத்து எண்களையும் விரல் தானாகவே தட்டிவிட்டது.

தட்டி முடித்த பிறகுதான் அது யாருடைய எண் என்று அவனுக்கு உறைத்தது.

அதற்குள் 'அனுப்பு' பொத்தானையும் அழுத்தியாகிவிட்டது. எதிலும் அவசரம்தான் அந்த விரலுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பீளமேட்டில் புதிதாக எடுத்த அலுவலகம். நாற்காலிகளின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வேலைக்கு எடுத்த பிள்ளைகள் நாளைக்குத்தான் வருவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எவ்வளவு கெஞ்சினாலும் 'சார்' என்பார்கள்.

இது அவனுடைய ஐந்தாவது கம்பெனி. தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் பிடித்துத் தரும் செயலி. ஒரு கம்பெனியைத் தொடங்குவான், வளர்ப்பான், விற்பான். கொஞ்ச நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். மறுபடி இன்னொன்று. மேடைகளில் இதை விடாமுயற்சி என்று புகழ்ந்தார்கள். வீட்டில் சும்மா உட்காரப் பயம் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

செயலி தயாரானதும் முதல் ஆளாக யாராவது உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். அதற்குச் சொந்த எண்ணைப் போடக் கூடாது, பக்கத்து நாற்காலிக்காரனின் எண்ணைத்தான் போட வேண்டும். நம் போனில் ஓடினால் ஊரெல்லாம் ஓடும் என்று நம்பிவிடுவோம் என்பது தண்டபாணியின் கட்சி.

முதல் கம்பெனியில் மொத்தமே இரண்டு நாற்காலி. ஒன்றில் அவன், மற்றொன்றில் தண்டபாணி.

அவன் தண்டபாணியின் எண்ணைத் தட்டுவான். ரகசிய எண் அங்கே போகும். தண்டபாணி தலையைக்கூடத் திருப்பாமல், ஏலம் விடுகிறவன் குரலில் அதை உரக்கப் படிப்பான். செயலி திறந்தால் கீழே போய் டீ. திறக்காவிட்டாலும் கீழே போய் டீ.

இரண்டாவது கம்பெனியை வாங்க வந்தவர்களுக்கு, இருவரில் ஒருவன் போதுமாக இருந்தது.

அவன் கையெழுத்துப் போட்டான்.

தண்டபாணி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. தன் டீ கிளாஸைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தண்டபாணிக்குக் கல்யாணம் என்பதை யாரோ வைத்த ஸ்டேட்டஸில்தான் பார்த்தான். வாழ்த்தைத் தட்டினான், அழித்தான். மறுபடி தட்டினான், அழித்தான். கடைசியில் போனிலிருந்து தண்டபாணியின் பெயரையே அழித்தான்.

மூன்றாவது கம்பெனியிலும் நான்காவதிலும் சோதித்துப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் இருந்தது. யாருடைய எண் என்ற கேள்வி அவன்வரைக்கும் வரவில்லை. நண்பர்களுக்கும் குறைச்சலில்லை. பிறந்தநாளுக்குப் பூங்கொத்து அனுப்பினார்கள். ஒவ்வொரு பூங்கொத்திலும் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

இன்று பக்கத்து நாற்காலியில் யாருமில்லை.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போய்ப் பார்த்தான். முதலீட்டாளர்கள், வக்கீல்கள், ஆடிட்டர், கூடவே ஓடி முந்திப் போனவர்கள். இத்தனை பேரில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, 'உனக்கு ஒரு எண் வரும், படிச்சுச் சொல்லு' என்று கேட்க ஒருவர் இல்லை. கேட்டால் சொல்வார்கள். சொல்லிவிட்டு, புதுக் கம்பெனியில் தங்களுக்கு என்ன இடம் என்று கேட்பார்கள்.

போனை மேசைமேல் வைத்தான். விரல் அதன்பாட்டுக்குக் கணினியில் அந்தப் பழைய எண்ணுக்குப் போய்விட்டது.

திரையில் நான்கு காலிக் கட்டங்கள். கீழே அவகாசம் குறைந்துகொண்டிருந்தது. செல்போனில் தடுமாறும் வயதானவர்களுக்காக அவன்தான் அதைத் தாராளமாக வைத்திருந்தான்.

எண் மாறியிருக்கும் என்று நினைத்தான். மாறியிருக்கட்டும் என்றும் நினைத்தான். மாறியிருக்கக் கூடாதே என்றும்.

போன் அடித்தது.

பெயர் வரவில்லை. எண் வந்தது.

எடுத்தான்.

"ஏன்டா, இந்தத் தடவ தண்ணித் தொட்டியா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ தட்டு எடுத்து வைத்தார்கள்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்குது. சொல்லட்டுமா?"

அந்த வரியை எழுதியவனே அவன்தான்.

"சொல்லு" என்றான்.

தண்டபாணி படித்தான். அதே ஏலக் குரல். ஒவ்வொரு எண்ணும் கணீரென்று வந்து விழுந்தது. அவனுக்குக் கண் கலங்கியது. இன்னும் பத்து எண் இருந்திருக்கலாம்.

ஏதாவது பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தான்.

"யாருங்கப்பா?" என்று ஒரு சின்னப் பெண்ணின் குரல் கேட்டது.

"யாருமில்ல கண்ணு. ஏதோ ஓடிபி."

இணைப்பு அறுந்தது.

நான்கு எண்களும் அவனுக்கு மனப்பாடமாக இருந்தன. தட்டினால் செயலி திறந்துவிடும். திறந்துவிட்டால், தண்டபாணியிடம் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை.

அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

அவகாசம் மெல்லத் தீர்ந்தது. 'நேரம் முடிந்துவிட்டது. மீண்டும் அனுப்பவா?' என்று கேட்டது செயலி.

இந்த முறை விரல் அவசரப்படவில்லை.

எழுந்து போய், பக்கத்து நாற்காலியின் பாலித்தீன் உறையைப் பிரித்து எடுத்தான். கசக்கி மூலையில் போட்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான்.

அழுத்தினான்.