காதில் சொன்ன படம்

முன் சீட்டில் இருந்த இளைஞன் வாயை மூடுவதாகத் தெரியவில்லை.

படம் தொடங்கியதிலிருந்து, பக்கத்தில் இருந்த பெரியவரின் காதில் எதையோ ஓதிக்கொண்டே இருந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த பஸ் டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்க ஊரார் கூச்சலைச் சுமந்துவிட்டு, கிடைத்த ஒரு ஓய்வு நாளில் நாலு சிரிப்பு சிரிக்கலாம் என்று வந்தவர் அவர்.

தட்டிக் கேட்கக் குனிந்தார். காதில் விழுந்தது தமிழ்.

விஷயம் புரிந்தது. படம் இந்த ஊர் மொழியில். பெரியவருக்கு அது தெரியாது. மகன் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறான். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

படம், வெளியூரிலிருந்து மகன் வீட்டில் தங்க வருகிற ஓர் அப்பாவின் கதை. அவர் நடை, உடை, பேச்சு எல்லாமே அந்த மகனுக்கு மானக்கேடு. திரையில் அப்பா லிஃப்டுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாதவர்களை எல்லாம் நலம் விசாரித்தார். மகன் அடுத்த வீட்டுப் பெண்ணிடம், 'யார் இந்த ஆள்?' என்று கேட்டு நழுவினான். அரங்கமே அதிர்ந்தது. டிரைவரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"என்னடா சொல்றான்?" என்று கேட்டார் பெரியவர்.

"'எங்க அப்பா வந்தப்புறம்தான் இந்தக் கட்டடத்துல ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறோம்'னு சொல்றான்பா."

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது.

காதைத் தீட்டிக்கொண்டார். திரையில் அப்பா அசடு வழிந்த இடமெல்லாம் இவன் தமிழில் மகன் அசடு வழிந்தான். அப்பா வசவு வாங்கிய இடமெல்லாம் பாராட்டு வாங்கினார். கூட்டம் மொத்தமும் ஒரு படம் பார்க்க, அந்த இரண்டு சீட்டில் மட்டும் வேறு படம் ஓடியது.

பெற்ற தகப்பன் காதிலேயே பூச்சுற்றுகிறானே என்று டிரைவருக்கு ஆத்திரம். இடைவேளையில், காபிக்கு வரிசையில் நின்றவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நானும் தமிழ்தான். பெரிய மனுஷனை உட்கார வச்சு இப்படிப் புளுகுறீங்களே, நல்லாவா இருக்கு?"

அவன் முகம் வெளுத்தது. "மெல்லப் பேசுங்கண்ணே. அப்பா காதுல விழப்போகுது."

"விழட்டுமே."

"குடும்பப் படம்னு போட்டிருந்தான். போஸ்டர்ல அப்பாவும் பிள்ளையும் தோள்மேல கை போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நம்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். உள்ள வந்து பார்த்தா இப்படி."

"எழுந்து போயிருக்கலாமே?"

"ஏன்டான்னு கேட்பாரே. என்னன்னு சொல்றது?" அவன் கையிலிருந்த பணத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அப்பா தையல்காரர். போன வாரம் எங்க ஆபீஸ்காரங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தாங்க. மேனேஜர் சட்டையில ஒரு பட்டன் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அப்பா ஊசியும் நூலுமா வந்து, அவர் போட்டிருக்கும்போதே தைக்க ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

வரிசை நகர்ந்தது. அவன் நகரவில்லை.

"மறுநாள் காலையில 'ஊருக்கு டிக்கெட் போடுடா'ன்னாரு. அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவும் உயிரோட இல்ல. அங்க போனா தனியாத்தான் கிடக்கணும். கொஞ்சம் சிரிச்சுப் பேசினா மனசு மாறுவார்னு நினைச்சேன்."

டிரைவரே முன்னால் போய் இரண்டு காபி வாங்கி வந்து அவனிடம் நீட்டினார். "சூடா இருக்கு. பார்த்து எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இடைவேளைக்குப் பிறகு திரையில் ஒரு விருந்து. மகனின் முதலாளி, அப்பாவைக் காட்டி யார் என்று கேட்டார். 'வீட்டு வேலைக்கு வெச்சிருக்கோம்' என்றான் மகன். அப்பா ஒன்றும் பேசாமல் எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு, தலை குனிந்து உள்ளே போனார். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்ப என்னடா சொன்னான்?"

இளைஞன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"'இவர்தான் எங்க அப்பா'ன்னு சொன்னான்பா."

"அதுக்கு ஏன் இப்படிச் சிரிக்கிறாங்க?"

"சொல்லும்போது அவன் அழுதுட்டான்பா. அதான்." குரல் உடைந்து போயிருந்தது.

"ம்" என்றார் பெரியவர்.

படம் முடிந்தது. வாசலில் ஒருவன் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். "வயிறு புண்ணாயிடுச்சு." "அப்படியே எங்க அப்பாதான்." "குடும்பத்தோட வந்து பார்க்கணும்." 'அப்படியே எங்க அப்பா' என்று சொன்ன எவர் பக்கத்திலும் ஓர் அப்பா இல்லை.

மகன் கார் எடுக்கப் போயிருந்தான். தூணோரம் நின்ற பெரியவரிடம் டிரைவர் போனார்.

"படம் எப்படிங்க இருந்துச்சு?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பின்னாடி உட்கார்ந்திருந்தது நீங்கதானே? முதல்ல பலமாச் சிரிச்சீங்க. அப்புறம் சத்தத்தையே காணோம்."

டிரைவர் கார் வரும் பக்கம் பார்த்தார்.

"எனக்குப் பாஷைதான் தெரியாது, தம்பி. கண்ணு நல்லாத் தெரியும். தட்டைத் தூக்கிக்கிட்டுத் தலை குனிஞ்சு போனது அந்த அப்பன். அவன் பிள்ளை எங்க அழுதான்? அழுதது என் பக்கத்துல இருந்தவன்."

கார் வந்து நின்றது. மகன் இறங்கி ஓடிவந்து கதவைத் திறந்து பிடித்தான்.

"டிக்கெட் போட்டுட்டியாடா?" என்றார் பெரியவர்.

"இல்லப்பா." மகன் தரையைப் பார்த்தான். "நாளைக்குப் போட்டுடறேன்."

"வேண்டாம், இருக்கட்டும்." பெரியவர் ஏறி உட்கார்ந்து கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். "அடுத்த வாரம் இன்னொரு படத்துக்குக் கூட்டிட்டுப் போ. நீ பக்கத்துல உட்கார்ந்து சொன்னாத்தான்டா எனக்குப் புரியுது."