ஐந்தாவது வரி

நாற்பத்தெட்டு மணி நேரக் கெடுவில் மூன்று மணி நேரம்தான் மீதி. அதன்பின் பொன்னுலிங்கம் சாரை நான் நீக்கியாக வேண்டும். நான் நிர்வகிக்கும் பறவை நோக்கர்களின் மின்னஞ்சல் குழுவில் மடலின் அடியில் வரும் கையொப்பம் நான்கே வரி என்பது விதி: பெயர், வேலை, ஊர், எண். அவர் ஐந்தாவதாக ‘வாசல் கதவு பூட்டுவதில்லை’ என்று எழுதுகிறார். தயங்கியபடி போன் செய்தேன்.

“அந்த வரியை எடுத்துடுங்க சார். திருடனும் படிப்பான்.”

“வந்தா காப்பி போட்டுக் குடுக்கேன். மத்த நாலையும் எடுத்துக்கிடும்மா, அது இருக்கட்டும்.”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் சார்.”

அவர் மின்விசிறியை நிறுத்துவது கேட்டது.

“எம் மவ வீட்ட விட்டுப் போயி நாலு வருசம் ஆச்சு,” என்றார். “நம்ம குழுவுலதாம்மா இருக்கா, வேற பேர்ல.”