கந்தோரிலிருந்து நிரோஷா

தொலைபேசி அதிர்ந்ததும் அடுக்கிக்கொண்டிருந்த பால் போத்தல்களை அப்படியே விட்டுவிட்டு அவர் கடையின் பின்பக்கம் போனார்.

அங்கேதான் சத்தம் குறைவு.

"அங்கிள், நிரோஷா கதைக்கிறன். சொலிசிட்டர் கந்தோரிலயிருந்து. சாப்பிட்டாச்சோ?"

"ஓம் பிள்ளை."

சாப்பிட்டிருக்கவில்லை.

லண்டனுக்கு வந்த நாளிலிருந்து வாடகை அறைகளில் இருந்தவர். கடைசி அறை குரொய்டனில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு மாடியில். அந்த வீட்டு மகனுக்குக் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. அறை வேண்டும். அதைச் சொல்ல வீட்டுக்காரர் பல நாள் தயங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலில் நின்றே சொன்னார்.

கறி நன்றாக இருந்தது.

ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு வங்கி வீட்டுக் கடன் தராது என்றுதான் நினைத்தார். தந்தது. நகரத்தின் விளிம்பில் ஒடுக்கமான ஒரு வீடு. பத்திரம் பார்க்கச் சொலிசிட்டர் வேண்டும் என்றார்கள். ஹரோவில் தமிழ் வழக்கறிஞர் ஒருவர் இருக்கிறார் என்று கடை முதலாளி தொலைபேசி இலக்கம் கொடுத்தார். சொலிசிட்டர் ஒரே ஒரு முறைதான் பேசினார். அதன்பிறகு எல்லாம் அவருடைய அலுவலகப் பெண் நிரோஷா.

பின்சுவரில் ஈரம் என்று அறிக்கை வந்திருக்கிறது. இடது பக்க வேலி யாருடையது என்று விற்பவருக்கே தெரியவில்லை. காப்புறுதி போட்டாயிற்றா.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு.

அவருடைய தொலைபேசிக்கு வேறு யாரும் அழைப்பு எடுப்பதில்லை. அம்மா இருந்தவரை ஊரிலிருந்து அழைப்பு வரும்.

இன்றைக்கு நிரோஷா கேட்டாள்.

"அந்த வீட்டில உங்களோட வேற ஆர் ஆர் இருக்கப் போகினம்? பெரிய ஆக்கள் எல்லாரின்ரை பேரும் பாங்குக்கு வேணுமாம்."

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை."

யோசிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

அந்த வாரமே மறுபடி எடுத்தாள். இன்னும் முடிவாகவில்லை என்றார். அவள் கேட்ட வங்கிக் கணக்கு அறிக்கையில் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை அனுப்பினார். விடுபட்ட பக்கத்துக்காக எடுத்தாள். ஈமெயில் போடட்டுமா என்று கேட்டாள்.

"ஈமெயில் எனக்குச் சரிவராது பிள்ளை."

காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். எல்லாம் விளம்பரங்கள்.

பிறகு ஒருநாள், சாப்பிட்டாச்சோ என்று அவள் கேட்கவில்லை.

"அங்கிள், விக்கிற ஆள் பொறுமையிழந்திட்டார். வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்து வராட்டி வேற ஆக்களுக்குக் குடுக்கப் போறாராம். உங்களுக்கு அந்த வீடு பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு."

"பிறகென்ன பிரச்சினை?"

கடைக்குச் சாமான் கொண்டுவந்த லொறி கீச்சிட்டபடி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"ஒண்டுமில்லை. நான் தனிய. வேற ஒருத்தரும் இல்லை."

அந்தப் பக்கம் எழுத்துகளைத் தட்டும் சத்தம்.

"சரி அங்கிள். அப்பிடியே போடுறன்."

மறுநாள் விடுப்பு எடுத்தார். மினுக்கிய, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, ரயில் மாறி மாறி ஹரோவுக்குப் போனார்.

புடவைக் கடைக்கு மேலே கந்தோர். மூலை மேசையில் ஓர் இளம்பெண், காதில் தொலைபேசியோடு இருந்தாள். அவர் நினைத்ததைவிட மிகவும் சின்னவள்.

"ஓம் அன்ரி. சாப்பிட்டாச்சோ?"

அதே குரல். அதே இழுவை.

கையால் அவரை உட்காரச் சொன்னாள். பேசி முடித்ததும் என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் தன் பெயரைச் சொன்னார்.

"ஓ, குகதாசன் அங்கிளோ. நேரில வந்திட்டியளே. தபாலில அனுப்பியிருக்கலாம்."

"இந்தப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது."

அவள் விரல் வைத்த இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டார். பக்கத்து மேசைக்காரர் சாட்சிக்குக் கையெழுத்திட்டார். மறுபடி அவளுடைய தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டே அவருக்குத் தலையசைத்தாள்.

பிஸ்கட் பெட்டியை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

சாவி கிடைத்த அன்று அவள் கடைசியாக எடுத்தாள்.

"வீடு உங்கடை, அங்கிள். ஃபைலை மூடுறம்."

"வேற ஏதும் கேக்க இருக்கோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். எல்லாம் முடிஞ்சுது."

புது வீட்டில் உட்காரக் கதிரை இல்லை. கீழே இருந்தால் மேலே யாரோ நடப்பதுபோல் இருந்தது. மேலே போனால் கீழே.

வீட்டைச் சூடாக்கும் குழாய்களின் சத்தம்தான்.

அடுத்த திங்கட்கிழமை, வேலைக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

பொதி கொண்டுவருபவன். பக்கத்து வீட்டில் யாரும் இல்லையாம். அவர்களுடைய பொதியை வாங்கி வைக்க முடியுமா என்று கேட்டான். பொதி எங்கே இருக்கிறது என்று எழுதி அவர்கள் கதவுக்குள் ஒரு துண்டுச் சீட்டுப் போட்டுவிடுவானாம்.

"போடுங்கள், போடுங்கள்" என்று ஆங்கிலத்தில் இரண்டு தரம் சொன்னார்.

பாரமான பொதி. அதைக் கூடத்தில், கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்தார்.

சப்பாத்தைக் கழற்றினார்.

பிரிக்காத பெட்டி ஒன்றைப் பிரித்து இரண்டு கோப்பைகளை எடுத்துக் கழுவித் துடைத்தார்.

பிறகு கடைக்கு எடுத்தார்.

"இண்டைக்கு வர ஏலாது, முதலாளி."

சுகமில்லையா என்று முதலாளி கேட்டார்.

"இல்லை. வீட்டுக்கு ஆக்கள் வருகினம்."