கொட்டகையில் நின்ற பந்தய மோட்டார்

அடிவாரத்துக் காரவள்ளிச் சாமியப்பன் இறந்துவிட்டார் என்று மலைக்குச் சேதி வந்தபோது, அர்த்தனாரி ராகிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி" என்றார். அவ்வளவுதான்.

சேதி சொன்னவன் போனதும் மனைவி மாதம்மாள் கேட்டாள்.

"ஏனுங்க, பெரிய காரியமுங்க. ஒரு எட்டு எறங்கிப் போயிட்டு வந்துரலாமுல்ல?"

"எதுக்கு? ரெண்டு வருசம் என்னைக் கொட்டாயில உட்கார வெச்சு வேடிக்கை பார்த்தாரே, அதுக்கா?"

"அது முடிஞ்சு பத்து வருசமாச்சுங்க."

"உனக்கு முடிஞ்சுது. எனக்கு முடியலை."

இதெல்லாம் தொடங்கியபோது அர்த்தனாரிக்கு முப்பத்தைந்து வயது. மலைக்கு ரோடு கிடையாது. மலைமேல் அரியூர் நாட்டிலிருந்து பலாப்பழமும் தேனும் சுமந்துகொண்டு சேந்தமங்கலம் சந்தைக்கு நடந்தே இறங்குவார். ஒரு நாள் அடிவார ரோட்டில் ஒரு வெள்ளைக்கார துரையின் சிவப்பு மோட்டார் அவரைத் தாண்டிப் போனது. கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் பந்தய மோட்டார். அது கிளப்பிய காற்றில் தலைப்பாகை பறந்து வேலியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல், புழுதி அடங்கும்வரை வாயைப் பிளந்து நின்றார்.

சில வருடம் கழித்து அந்தத் துரை கப்பலேறப் போவதாகவும், மோட்டாரை முந்நூறு ரூபாய்க்குத் தள்ளிவிடுவதாகவும் கேள்விப்பட்டார். கையில் நூறு இருந்தது. மீதிக்குக் கடன் கேட்டு அடிவாரத்தில் அவர் ஏறாத வாசல் இல்லை.

"யாரு, குருட்டு மாட்டு அர்த்தனாரியா?" என்று சிரித்தார்கள்.

முன்னொரு தடவை கடன் வாங்கி அவர் பிடித்து வந்த எருதுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அந்தக் கடன் இழுத்தடித்துத் தீர மூன்று வருடம் ஆனது. மலை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு அவரை நம்பி ஒரு படி உப்பு தர ஆளில்லை.

காரவள்ளிப் பண்ணைக்காரர் சாமியப்பன் மட்டும்தான் கொடுத்தார்.

மாடு பார்ப்பது போலவே பார்த்துத்தான் அர்த்தனாரி மோட்டாரை வாங்கினார். முதலில் முன்விளக்கு இரண்டும் எரிகிறதா என்று பார்த்தார். இந்தத் தடவை கண்ணில் ஏமாறக் கூடாதல்லவா! பின்பக்கம் தட்டினார். சுழி ஏதாவது உண்டா என்று மூன்று சுற்று வந்தார்.

"பெட்ரோல்தான் தீர்ந்துபோச்சு. ஊத்தினா பறக்கும்" என்றான் துரையின் பட்லர்.

இரண்டு எருதைப் பூட்டி காரவள்ளிக்கு இழுத்து வந்தார்கள். அர்த்தனாரி தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், மோட்டார் சாமியப்பனின் கொட்டகைக்குள். கதவில் பூட்டு.

"கடன் தீர்ந்தாத்தான் வண்டி" என்றார் சாமியப்பன்.

"நூறு ரூவா என் காசுங்க பண்ணாடி!"

"அதுக்குத்தான் சந்தைக்கு வர்றப்ப உள்ள உட்கார்ந்துட்டுப் போன்னு சொல்றேன். ஓட்டக் கூடாது. முன்னால இருக்கற மூடியத் தொடக் கூடாது."

இரண்டு வருடம். வாரா வாரம் இறங்கிவந்து, தவணையைக் கட்டிவிட்டு, கொட்டகை இருட்டில் மோட்டாருக்குள் உட்காருவார். தோல் மெத்தை வாசம் மூக்கில் ஏறும். சில வாரம் மாதம்மாளும் கூட வருவாள்.

"நாமக்கல்லு வந்துருச்சுங்களா?"

"இப்பத்தான் சேந்தமங்கலம் தாண்டறோம். தலையப் புடிச்சுக்க, காத்து அடிக்குது."

அவள் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை நிஜமாகவே நாமக்கல் போயிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சந்தையன்று அர்த்தனாரி ஆசையாக ஒரு டின் பெட்ரோல் வாங்கி வந்தார். சாமியப்பன் அதைப் பிடுங்கி, பத்துப் பேர் பார்க்க மண்ணில் கொட்டினார்.

"சொன்னாப் புரியாதா உனக்கு?"

அன்று விழுந்த கசப்பு. கடைசித் தவணை கட்டிய அன்று, முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றிய ஒரே சுற்றில் மோட்டார் உறுமியது. "பார்த்து ஓட்டு" என்றார் சாமியப்பன். அர்த்தனாரி "வாரேங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு அடிவார ரோட்டில் மோட்டாரில் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வேண்டுமென்றே மூன்று தடவை ஹாரன் அடிப்பார். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டபோதும் ஹாரனை மட்டும் விடவில்லை.

மாதம்மாள் கதிரறுத்த அரிவாளைக் கீழே போட்டாள்.

"நீங்க வராட்டிப் போங்க. அந்தக் கொட்டாயில நான் சிரிச்சிருக்கேன். நான் போறேன்."

அவள் விடுவிடுவென்று இறங்கினாள். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே அர்த்தனாரியும் பின்னால் இறங்கினார்.

சாவு வீட்டு வாசலில், அர்த்தனாரிக்கு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொடுத்த சேலத்து மெக்கானிக் ராசு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தான்.

"நீ எதுக்குடா இப்படி அழுவற? அவரு உனக்கு என்ன ஒறவா?"

"ரெண்டு வருசம் அவரு கொட்டாயிலதானுங்கண்ணா வேலை பார்த்தேன். சந்தையில்லாத நாளாப் பார்த்து வரச்சொல்லுவாரு. நீங்க கட்டின காசு பூரா எங்கிட்டத்தான் வந்துச்சுங்க."

"எங்காசு உங்கிட்ட எதுக்கு வந்துச்சு?"

"தான் உசுரோட இருக்கற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க. 'மாட்டுக்கே மலை அந்தச் சிரிப்பு சிரிச்சுது. இதுவும் தெரிஞ்சா அந்த மனுசன் மலையை விட்டு எறங்கவே மாட்டான்'னாரு."

"எது தெரிஞ்சாடா?"

ராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"துரை உங்களுக்கு வித்தப்ப, அந்த மூடிக்குள்ள எஞ்சினே இல்லீங்கண்ணா."