தொட்டிக்கு வெளியே

"கிரெய்கிபர்ன் ஊர் முழுக்கப் பாக்கட்டும் எண்டோ இதை வெளியில அடுக்கி வைக்கிறாய்?"

பவளராணி வாசலில் நின்று கத்தினாள். மகள் பிரியந்தினி நிறுத்தவில்லை. நேற்றைய விருந்தில் தீர்ந்த சோடாப் போத்தல்களைக் கழுவி, தெருவோரக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிரையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜேர்மனியில இப்பிடித்தான் அம்மா வைப்பினம். திருப்பிக் குடுத்தாக் காசு வாற போத்தல். தொட்டிக்குள்ள போட்டா எடுக்கிற ஆக்கள் கையை விட்டுத் துழாவ வேணும்."

"ஒரு வருசம் அங்க போய் இதைத்தான் படிச்சனியோ?"

அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்துத் தெரு ராதா வரவேண்டும்! பவளராணியின் குரல் உடனே இனித்தது.

"வாங்கோ, வாங்கோ. பிள்ளை சரித்திரம் படிச்ச இடத்தின்ர படங்கள் நீங்கள் இன்னும் பாக்கேல்லை. லைப்ரரியில வேலையும் செய்து படிச்சவள். இவளின்ர அப்பாவுக்கு இங்க வேலை போன நேரத்திலயும் எங்களிட்டை ஒரு சதம் கேக்கேல்லை."

உள்ளே போய் உட்கார்ந்ததும் பிரியந்தினி போனில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். பழைய தேவாலயம். இடித்த பெர்லின் சுவரில் மிஞ்சிய துண்டு. பனிக்குள் நத்தார்ப் பண்டிகைச் சந்தை. நடைபாதையில் பதித்த பித்தளைக் கற்கள். நாஜிகள் அந்தந்த வீடுகளிலிருந்து பிடித்துச் சென்றவர்களின் பெயர்கள் அவற்றில் இருந்தன.

அடுத்த படத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரு விளக்குக் கம்பத்தடியில் வெறும் போத்தல்கள், வேறொன்றுமில்லை. அவள் மனம் அந்தத் தெருவுக்கே திரும்பிப் போய்விட்டது.

"இதென்ன குப்பைப் படம்?" ராதா கேட்டாள்.

"பொறுக்கித் திருப்பிக் குடுத்துக் காசாக்கிற ஆக்களுக்கு வைச்சது."

ராதா சிரித்தாள். "போத்தல் பொறுக்கிறவைக்கு வெட்கமில்லையோ?"

"எங்கட ஆக்களெண்டாப் பட்டினி கிடந்தாலும் செய்ய மாட்டினம்," என்றாள் பவளராணி.

பிரியந்தினி போனை மூடி வைத்தாள்.

ராதா போனதுதான் தாமதம், பவளராணி வெளியே வந்து போத்தல்களை வாரி எடுத்தாள். மகள் பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, அந்தப் படத்தில இருக்கிற போத்தலெல்லாம் அந்தக் கம்பத்துக்கு முன்னால மேல்மாடியில இருந்த ஒரு மனுசி வைக்கிறது. வெள்ளிக்கிழமையில கழுவித் துடைச்சு வைப்பா. எடுக்க ஆள் வாறது தெரிஞ்சா யன்னல் சீலையை இழுத்து மூடிப்போடுவா. வாற ஆளுக்கு வெட்கமா இருக்கக் கூடாதெண்டு."

"அது உனக்கெப்பிடித் தெரியும்? லைப்ரரிக்குப் போற வழியில நிண்டு மற்றவையின்ர வீட்டை விடுப்புப் பாத்தனியோ?"

"லைப்ரரியில எனக்கு வேலையே இருக்கேல்லை அம்மா. அந்தக் குளிர் முழுக்கப் போத்தல் பொறுக்கினது நான்தான்."

பவளராணி கையிலிருந்த போத்தல்களைத் திரும்பவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

பிறகு உள்ளே வந்து, தெருப்பக்க யன்னல் சீலையை இழுத்து மூடினாள்.