லுஸ்மிலாவின் தட்டு

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் டீ. எம் பொண்ணுக்கு மட்டும் எலுமிச்சைத் தண்ணியா?"

லிமா நகரத்து மலைமேட்டின் பொதுச் சமையல்கூடம். வரிசையில் நின்ற பெண்கள் நில்டாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதைக் குடிச்சா ஒண்ணும் குறைஞ்சுட மாட்டா," என்றாள் சமையல்காரி எர்மெலிந்தா. "அடுத்த ஆள் வாங்க."

நில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாதமாகப் பார்க்கிறாள். மற்ற பிள்ளைகளின் தட்டில் சோறும் உருளைக்கிழங்கும் குவிந்திருக்கும். அவள் மகள் ஐந்து வயது லுஸ்மிலாவின் தட்டில் மட்டும் கறுகறுவென்று கோழி ரத்தப் பொரியல். இல்லையென்றால் ஈரல். அதையும் எர்மெலிந்தா பக்கத்தில் நின்று முழுசாகத் தின்னவைத்துத்தான் அனுப்புவாள்.

"போன கூட்டத்துல உன்னைச் சமையலுக்கு வைக்கக் கூடாதுன்னு நான் கை தூக்கினேன். அந்தக் கோபத்தைப் பச்சப் பிள்ளைமேல காட்டுறே."

"அப்படியே வச்சுக்க."

மறுநாள் சுகாதார நிலையம். லுஸ்மிலாவின் விரலில் ஊசி குத்திய நர்ஸ், கருவியில் வந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள்.

"ரத்த அளவு பன்னிரண்டுக்கு ஏறியிருக்கு! மூணு மாசம் முன்னாடி பள்ளியில வந்து பார்த்தப்ப ஒன்பதுகூட இல்லை. நான் குடுத்தனுப்பின மருந்தை ஒழுங்கா குடுத்தீங்களா?"

நில்டா தலைகுனிந்தாள். "குடிச்சதும் வாந்தி எடுத்தா. நிறுத்திட்டேன்."

"அப்ப சாப்பாடு செஞ்ச வேலைதான். ரத்தப் பொரியல், ஈரல், கூடவே எலுமிச்சை. சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சேராதுன்னு சொன்னேன். அதையும் விடாம கடைப்பிடிச்சிருக்கீங்க."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க அக்காகிட்ட. குழந்தை சுவத்து மண்ணைச் சுரண்டித் தின்னுதுன்னு பதறிப்போய் வந்தாங்களே, அவங்ககிட்டதான்."

நில்டாவுக்கு அக்கா கிடையாது.

நாலு படி ஏறினாலே தூக்கச் சொல்லும் லுஸ்மிலா, அன்று மேடு முழுக்க ஓடியே ஏறினாள். நில்டாதான் பின்னால் மூச்சு வாங்கினாள்.

சமையல்கூடத்தில் வரிசை நின்றிருந்தது. நில்டா எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நான் சொன்னா நீ கேட்டிருப்பியா? வீம்புக்குப் பிள்ளையை இங்க அனுப்பாம நிறுத்தியிருப்பே." எர்மெலிந்தா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எவ்வளவு வந்துச்சு?"

வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி நில்டா சொன்னாள்:

"பன்னிரண்டு, அக்கா."